நீ முதலில் பார், நான் அப்புறம் பார்க்கிறேன்

பாப்பா,

உங்கள் ஊர் பேஸ்பால் அணியில், இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கிற உனக்குப் பிடித்த ஷார்ட்ஸ்டாப் பையனை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று ஃபோனில் அழாத குறையாகச் சொன்னாய். ஜூலைக் கடைசி வந்தாலே டாம்பா பே ரேஸ் அணி இந்த வேலையைச் செய்யும். காசு குறைவான அணி. பெரிய சம்பளத்துக்கு ஆள் எடுக்க முடியாது. சின்ன வயதில் பிடித்து வளர்ப்பது, மதிப்பு ஏறியதும் கொடுத்துவிட்டு இன்னும் இளசாக ஒருவனை வாங்குவது, இதுதான் அவர்கள் பிழைப்பு. ஃப்ளோரிடாவிலும் டொமினிகன் குடியரசிலும் புதுப் பையன்களுக்கு நாற்றங்கால். அதற்கு மேல் படிப்படியாக உங்கள் ஊர் சார்ல்ஸ்டன் ரிவர்டாக்ஸ், பௌலிங் கிரீன், மாண்ட்கமரி, கடைசியாக நம்ம டர்ஹம் புல்ஸ்; அதைத் தாண்டினால் ரேஸ் ஆடும் பெரிய லீக். உனக்கு வேலை முதல் படி இருக்கும் ஊரில் கிடைத்தது, நான் கடைசிப் படி இருக்கும் ஊரில் இருக்கிறேன். அங்கே நீ பார்க்கிற பையனை, எல்லாம் சரியாக நடந்தால், இரண்டு மூன்று வருடம் கழித்து நான் பார்ப்பேன்.

ஒரு கதை சொல்கிறேன். 2008 டிராஃப்டில், அதாவது அணிகள் முறை வைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில், நாட்டிலேயே முதல் ஆளாக ரேஸ் எடுத்தது டிம் பெக்கம் என்ற ஜார்ஜியா பள்ளிக்கூடப் பையனை. அதே டிராஃப்டில் ஐந்தாவதாகப் போன பஸ்டர் போஸி, 2012இல் பெரிய லீகின் ஒரு பாதியான நேஷனல் லீகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதே வாங்கிவிட்டான். பெக்கமுக்குப் பெரிய லீகில் கால் வைக்கவே 2013 ஆயிற்று. இங்கே டர்ஹமில் எங்கள் கண் முன்னால்தான் ஆடிக்கொண்டிருந்தான். நல்ல ஆட்டக்காரன்தான், ஆனால் முதல் ஆள் என்ற பட்டம் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு தடவை அவன் அவுட் ஆகும்போதும் பின்வரிசையில் யாராவது ஒருவர் போஸி பெயரைச் சொல்லுவார்.

2017 ஜூலையில் பெக்கமை பால்டிமோருக்குக் கொடுத்து, டோபயஸ் மையர்ஸ் என்ற பதினெட்டு வயது பிட்சரை, அதாவது பந்து போடுகிறவனை, வாங்கினார்கள். அவன் ஒவ்வொரு படியாக ஏறி 2021இல் டர்ஹம் வந்து சேர்ந்தான். அந்த நவம்பரில் அவனை ரேஸின் நாற்பது பேர் பெரிய லீக் பட்டியலில் சேர்க்க வேண்டிய கெடு வந்தது. சேர்க்காவிட்டால் வேறு அணிகள் எடுத்துக்கொண்டு போகலாம். பட்டியலிலோ இடம் இல்லை. அதனால் கிளீவ்லாண்டுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு டொமினிகன் கோடைக்கால லீகில் மட்டுமே ஆடியிருந்த ஒரு பையனை வாங்கினார்கள். அவனுக்கும் பதினெட்டு வயதுதான். பெயர் ஜூனியர் கமினேரோ.

கமினேரோ 2022இல் உங்கள் சார்ல்ஸ்டனில் ஆடியவன். அடுத்த வருடம் பௌலிங் கிரீனில் தொடங்கி, மாண்ட்கமரியிலிருந்து நேராகப் பெரிய லீகுக்குத் தாவிவிட்டான். டர்ஹமை மிதிக்கவே இல்லை! எனக்கு எவ்வளவு கடுப்பு தெரியுமா? 2024இல்தான் இங்கே ஆட வந்தான். 2025இல் ரேஸுக்காக 45 ஹோம் ரன்.

பெக்கம் போய் மையர்ஸ், மையர்ஸ் போய் கமினேரோ. இதைச் சொன்னால் உன் மனசு ஆறும் என்று நினைத்தேன், ஆனால் எழுதி முடித்ததும் எனக்கே முழுசாக ஆறவில்லை. கணக்குப் புத்தகத்தில் இது பெரிய லாபம். ஆனால் மையர்ஸ் பக்கம் நின்று பார். அங்கே இங்கே என்று கை மாறிக்கொண்டே இருந்தவன், 2024இல்தான் மில்வாக்கிக்காகப் பெரிய லீகில் இறங்கி ஒன்பது ஆட்டம் ஜெயித்தான். அந்த வருடம் கமினேரோவைவிட மையர்ஸ் ஸ்கோரைத்தான் நான் அதிகம் தேடிப் பார்த்தேன். நீயும் உன் ஷார்ட்ஸ்டாப்பைத் தொடர்ந்து பார். சட்டை மாறினால் என்ன?

சரி, இனிமேல் மைதானத்துக்குப் போனால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாயே. முதலில் வயதைப் பார். இருபத்து மூன்று வயதில் கல்லூரி முடித்து வந்தவன் சிங்கிள்-ஏவில், அதாவது உங்கள் ஊர் அணி ஆடும் படியில், .320 (ஆயிரத்துக்கு 320 ஹிட் என்ற கணக்கு) அடித்தால் எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. பத்தொன்பது வயதுப் பையன் .250 அடித்துக்கொண்டு, பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்த பிளேட்டுக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடுகிறான் என்றால் அவன் பெயரை எனக்கு அனுப்பு. பிட்சர் 98 மைல் வேகத்தில் போட்டால் கூட்டம் கத்தும், கத்தட்டும். இரண்டு பந்து குறி தவறி ‘பால்’ ஆகிவிட்டது, இன்னும் ஒரு ஸ்ட்ரைக்கும் இல்லை, அப்போது தைரியமாக, வளைந்து இறங்கும் கர்வ்பாலைக் குறிக்குள் ஸ்ட்ரைக்காகப் போடுகிறானா? அதுதான் கேள்வி. வெறும் வேகத்தை டர்ஹமுக்கு வருகிற பேட்டர்கள் வெளுத்துவிடுவார்கள்.

தூரத்தில், அவுட்ஃபீல்டில் நிற்பவன் எடுத்து வைக்கும் முதல் காலடியைக் கவனி. கெவின் கீர்மையர் என்ற அவுட்ஃபீல்டரை ரேஸ் 2010 டிராஃப்டில் 31ஆவது சுற்றில் எடுத்தார்கள். இப்போது டிராஃப்டே இருபது சுற்றோடு முடிந்துவிடுகிறது, இன்றைக்கு என்றால் டிராஃப்டில் அவனை யாரும் கூப்பிட்டிருக்கவே மாட்டார்கள். மட்டையில் பந்து படும் சத்தம் நமக்குக் கேட்பதற்குள் அவன் ஓட ஆரம்பித்திருப்பான். கடைசியில் சிறந்த ஃபீல்டருக்கான கோல்டு கிளவ் விருதை நான்கு தடவை வாங்கினான். அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் இருபதிலிருந்து எண்பது வரை மார்க் போடுவார்கள், 50 என்றால் பெரிய லீகின் சராசரி. 35 எடுத்தால் பாஸ் என்று வளர்ந்த எனக்கு அது பழகவே நாளாயிற்று. அந்த மார்க்கை வீட்டுக்கு வந்து பார், மைதானத்தில் பார்க்காதே.

இன்னொன்று, பக்கத்தில் இருப்பவர்கள் கத்தினாலும் நீ அந்தப் பையன்களைத் திட்டாதே. சிங்கிள்-ஏவில் முன்பு வருடத்துக்குச் சுமார் 11,000 டாலர்தான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2022இல் அவர்கள் ஆட்டக்காரர்கள் சங்கத்தில் சேர்ந்த பிறகுதான், 2023இலிருந்து 26,200 ஆயிற்று. உன் முதல் வேலைச் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள். அவர்களில் பெரும்பாலோர் பெரிய லீக் பக்கமே போகப்போவதில்லை, அது அவர்களுக்கும் தெரியும். ஆனாலும் செவ்வாயிலிருந்து ஞாயிறு வரை தினமும் ஆட்டம். சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டத்துக்குக் காலி நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து பார்த்தவன் நான். நாளைக்கு இந்தியாவுக்கு ஆடுவான் என்பதற்காக அங்கே போனதில்லை, அன்றைக்கு அவன் போட்ட நல்ல ஓவருக்காகத்தான் போனேன். இங்கேயும் அப்படித்தான்.

ஆகஸ்ட் கடைசியில் அம்மாவும் நானும் காரில் வருகிறோம். பருப்புப்பொடி அரைத்து வைத்தாயிற்று. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு மூன்று டிக்கெட் எடுத்து வை, பிளேட்டுக்குப் பின்னால் கிடைத்தால் நல்லது, பிட்சர் கை அங்கிருந்துதான் தெரியும். அம்மா ஐந்தாவது இன்னிங்ஸில் கிளம்பலாம் என்பாள், நீ என் பக்கம் பேச வேண்டும்.

அன்புடன்
அப்பா