நெய்து வைத்த நிரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன வாரம் பேசும்போது, "ராத்திரி புரோகிராமில் ஒரு தப்பு, பத்து நிமிஷத்தில் சரிபண்ணி ஏத்திட்டேன்" என்று சாதாரணமாகச் சொன்னாய். அதிலிருந்து எனக்கு வால்தம் ஞாபகம்தான். உன் பாஸ்டனுக்குப் பக்கத்து ஊர். நிலவுக்குப் போன அப்போலோ விண்கலத்துக் கணினியின் நிரலை, அதாவது புரோகிராமை, அங்கே ரேதியான் கம்பெனித் தொழிற்சாலையில் பெண்கள் கையால் பின்னினார்கள்.

நிஜமாகவே பின்னல்தான். குட்டிக் காந்த வளையங்கள் வரிசையாக இருக்கும். கம்பி வளையத்துக்குள் நுழைந்தால் 1, ஒதுங்கிப் போனால் 0. எந்த இடம் என்று இயந்திரம் காட்டும். எதிரெதிரே உட்கார்ந்த இருவர் ஊசியை மாற்றி மாற்றி வாங்குவார்கள். நம் தறியின் ஜக்கார்டு அட்டையில் ஓட்டை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் கிடக்கும், அதே கணக்கு. இதற்குப் பொறியாளர்கள் 'கிழவிகள் நினைவகம்' என்று பட்டப்பெயர் வைத்தார்களாம். எனக்கு அது ரசிக்கவில்லை.

மொத்தம் 36,864 'சொற்கள்' (0, 1 சேர்ந்த ஒரு கொத்துக்குக் கணினியில் அப்படிப் பெயர்), சுமார் 74 கிலோபைட். நீ வாட்ஸாப்பில் அனுப்பிய பனிப் படம் அதைவிடப் பெரிது! ஆனால் கரண்ட் போனாலும் அழியாது. 1969 நவம்பரில் அப்போலோ 12 கிளம்பி ஒரு நிமிடம் ஆவதற்குள் இரண்டு தடவை மின்னல் தாக்கியது. பின்னியது பின்னியபடி இருந்தது.

வம்பும் அதில்தான். முடித்த பின் ஒரு இழையையும் மாற்ற முடியாது. 1971 பிப்ரவரியில் அப்போலோ 14 நிலவைச் சுற்றும்போது, இறங்குவதைக் கைவிடும் பொத்தான் யாரும் தொடாமலே சமிக்ஞை கொடுத்தது. அப்படியே இறங்கத் தொடங்கியிருந்தால் கணினி பாதியில் மேலே திருப்பிவிடும். அந்த நிரலை எழுதிய எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டான் ஐல்ஸ் என்ற இளைஞர் ஒரு தந்திரம் செய்தார்: 'ஏற்கெனவே திரும்பிக்கொண்டுதான் இருக்கிறோம்' என்று கணினியை நம்பவைத்தால், அது பொத்தானைக் கண்டுகொள்ளாது. அழித்து எழுத இருந்ததோ 2,048 சொற்களுக்கு மட்டும் இடம். அந்த இடத்தில் விண்வெளி வீரர் எட்கர் மிட்செல் எண் எண்ணாகத் தட்டி ஏற்றினார். இறங்கிவிட்டார்கள்.

தறியில் இழை தப்பினால் நான் நாலு விரற்கடை பிரித்து மறுபடி நெய்வேன். சேலையை அறுத்து இறக்கிய பிறகு கண்ணில் பட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது, உன் அம்மாவைக் கேள்.

லீவு நாளில் வால்தம் பக்கம் போய், அந்தக் கட்டடம் இன்னும் நிற்கிறதா என்று பார். அப்புறம், உன் தப்பு என்ன என்று நீ சொல்லவே இல்லையே?

அப்பா