நீ எழுந்து பேச வேண்டும்

ஏற்காடு,
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள மல்லிகா,

இங்கே எல்லோரும் நலம். உன் மாமியாருக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததென்று ஜோதி சொன்னாள். 

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். செல்வி எங்கள் பள்ளியை விட்டுப் போகிறாள். பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்த பெண் என்று எழுதியிருந்தேனே, அவள்தான். இந்த மலையிலேயே பிறந்தவள். நாம் படித்த அதே உத்தமசோழபுரம் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி முடித்தவள். தொகுப்பூதியம் 12,000 ரூபாய். கல்வியாண்டு முடிந்தால் அதுவும் நின்றுவிடும். ஏரிப் பக்கம் ஒரு தங்கும் விடுதியில் 16,000 ரூபாயும் சாப்பாடும் தருகிறார்களாம். தம்பியைக் கல்லூரியில் படிக்க வைப்பவளிடம் போகாதே என்று எந்த வாயால் சொல்வேன்?

அவள் வகுப்பை நீ பார்த்திருக்க வேண்டும், மல்லிகா. ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டுப் பேச்சிலேயே பேசத் தொடங்கி, பொங்கலுக்குள் பாடப்புத்தகத் தமிழுக்குக் கொண்டுவந்துவிடுவாள். மிளகையும் காப்பிக்கொட்டையையும் தரையில் பரப்பிக் கூட்டல், கழித்தல் நடத்துவாள். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப் பயிற்சியில் நமக்குச் சொல்லித் தருவதையெல்லாம் யாரும் சொல்லாமலே செய்தாள். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் பெற்றோர் பிள்ளைகளையும் எஸ்டேட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்கள். சென்ற மார்கழியில் இவள் பனியில் வீடு வீடாகப் போய் அவர்களை அழைத்து வந்தாள். அதை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

இனி ஐந்து வகுப்புகளுக்கும் நான் ஒருத்திதான். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் வேண்டுமென்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளப் பதிவு, காலை உணவுக் கணக்கு, வட்டார வள மையக் கூட்டம் எல்லாம் எனக்குத்தான். நான் கீழே இறங்கும் நாளில் பிள்ளைகளை யார் பார்ப்பது?

அவளுக்காகக் கோபம் வரும்போதெல்லாம் நம் கணக்கும் கூடவே வருகிறது. ஒரே வகுப்பறையில் படித்தோம்; இருவருமே இடைநிலை ஆசிரியர்கள். நீ 2009 மே மாதத்துக்குள் பணியில் சேர்ந்தாய். நான் ஜூன் 1-க்குப் பிறகு; அந்தத் தேதியிலிருந்து சேர்ந்தவர்களுக்கு ஊதியத்தைக் குறைத்துவிட்டார்கள். அதனால் உனக்கு அடிப்படை ஊதியம் 8,370, எனக்கு 5,200. அன்றைக்கு வித்தியாசம் 3,170 ரூபாய். அகவிலைப்படியும் ஆண்டு ஊதிய உயர்வும் விழுக்காட்டில் வருவதால் அது ஏறிக்கொண்டே போனது. 2017 ஊதியத் திருத்தத்தில் 2.57-ஆல் பெருக்கினார்களே, அப்போது இந்த வித்தியாசமும் சேர்ந்து பெருகியது. இவ்வளவு குறைவாக வாங்கும் எனக்கும் கீழே செல்வி. உன் வேலை, என் வேலை, அவள் வேலை மூன்றும் ஒன்றுதான். சம்பளம் மட்டும் மூன்று. தற்காலிகப் பணியாளருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் உண்டென்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லிவிட்டது.

“ஜூன் ஒன்றாம் தேதிக்காரி காசு எடுக்கக் கூடாது” என்று சேலம் செவ்வாய்ப்பேட்டையில் தட்டுவடை செட்டுக்கு எப்போதும் நீயே பணம் கொடுப்பாய். உன் அன்பு எனக்குத் தெரியும். இப்போது கேட்பது வேறு. ஜூன் 1-க்குப் பிறகு சேர்ந்த நாங்கள் சம ஊதியம் கேட்டுச் சென்னையில் சாலையில் உட்கார்ந்தால், தங்கள் சம்பளத்துக்காக உட்கார்ந்திருக்கிறார்கள் என்கிறார்கள். முழு ஊதியம் வாங்கும் நீ உங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து, “என்னோடு படித்தவளுக்கு ஏன் குறைவு? தொகுப்பூதியத்துக்கு வந்த பெண் ஏன் விடுதிக்குப் போகிறாள்?” என்று கேட்டால் யாராலும் அப்படித் தள்ளிவிட முடியாது. கல்லூரியில் பேச்சுப் போட்டிக் கோப்பைகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போனவள்தானே நீ!

செல்வி மாதக் கடைசி வரை இருப்பாள். அதற்குள் ஒரு சனிக்கிழமை மேலே வா, அவளையே பார்த்துப் பேசு. குப்பனூர் வழி வேண்டாம். அடிவாரம் வழியே வா. உங்கள் கூட்டம் என்றைக்கு என்று உடனே எழுது.

அன்புடன்,
வசந்தா