பை தைக்கத் தெரியும், விலை சொல்லத்தான் வாய் வரவில்லை

மகளிர் குழுக்களுக்குத் தொழில் பயிற்சி நடத்தும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

போன மாதம் உங்கள் ஒருநாள் வகுப்புக்கு எங்கள் குழுவிலிருந்து நான்கு பேர் வந்திருந்தோம். மதியச் சாப்பாடு வரைக்கும் பிளாஸ்டிக்கின் கெடுதலைப் பற்றியே படம் காட்டினீர்கள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதும், 2021 டிசம்பரில் துணிப்பையைத் திரும்பக் கொண்டுவர அரசின் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதும் எங்களுக்குத் தெரியாதா? அந்தப் பையைத்தானே தைக்கிறோம்!

எம்.பி.ஏ. படிக்கும் என் மகள், ஐசக் அய்சன் என்ற உளவியல் அறிஞர் 1991-இல் எழுதியதைச் சொன்னாள். ஒரு காரியத்தில் இறங்க மனசு வர மூன்று வேண்டுமாம்: அது நல்லது என்ற நினைப்பு, வேண்டியவர்களின் சம்மதம், நம்மால் ஆகும் என்ற தைரியம். உங்கள் வகுப்பு முதலாவதோடு முடிந்துவிடுகிறது. இரண்டாவதற்கு, வீட்டுக்காரரையும் மாமியாரையும் ஒருநாள் கூப்பிட்டு உட்காரவையுங்கள்; தொழிலுக்கு வாங்கும் கடன் யார் தலையில் விழும் என்ற பயம் அவர்களுக்குத்தான் அதிகம்.

மூன்றாவதுதான் பெரிய பாடு. எங்கள் குழுவில் ஒரு அக்கா. கைப்பிடி அடியில் கட்டம் போட்டு, குறுக்கே பெருக்கல் குறி மாதிரி தைப்பார். பத்து கிலோ அரிசி போட்டாலும் பிய்யாது. கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை 300 வேண்டுமென்று ஒருவர் வந்தார். காடாத்துணி, நூல், அச்சு எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு அடக்கமே 22 ரூபாய். 30 சொல்வதென்று முந்தின இரவே பேசி வைத்திருந்தோம். அவர் கேட்டதும் அக்கா, "நீங்களே பாத்துக் குடுங்கண்ணே" என்றுவிட்டார். அண்ணன் பார்த்துக் கொடுத்தது 20.

கணக்கு தெரியாமல் இல்லை. தன் வேலைக்குத் தானே விலை சொல்ல ஒரு கூச்சம். "உங்களால் முடியும் சகோதரிகளே" என்று மைக்கில் சொன்னால் அது போகாது (நாங்களும் கைதட்டினோம், சரி). ஆல்பர்ட் பண்டூரா என்ற இன்னொரு உளவியல் அறிஞர் 1977-லேயே எழுதியிருக்கிறார்: அந்த நம்பிக்கையை வலுவாகத் தருவது தானே செய்து ஜெயிப்பது, தன்னைப் போன்ற ஒருத்தி செய்வதைப் பார்ப்பதும் உதவும்.

அதனால் அடுத்த முறை ஆளுக்கு 20 பை கொடுத்து வாரச்சந்தைக்கு அனுப்புங்கள். நாங்களே விலை சொல்லி விற்கிறோம், சாயங்காலம் கணக்குப் பார்ப்போம். அப்புறம், விருது வாங்கியவரைக் கூட்டி வர வேண்டாம். பாக்குமட்டைத் தட்டு செய்யும் தொழிலில், மழைக்காலத்தில் மட்டை பூஞ்சை பிடித்து நஷ்டப்பட்டு, மறுபடி தட்டு மெஷினைப் போட்ட ஒரு பெண் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் கேட்க எங்களுக்கு நிறைய இருக்கிறது.

தேதி சொல்லுங்கள். அக்காவையும் கூட்டி வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு குழு உறுப்பினர்