இளையோர் குறும்பட, வானொலிப் பயிற்சி: பெற்றோர் கவனத்திற்கு

கோட்டூர்புரம் குடியிருப்புப் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

13 முதல் 17 வயது வரையுள்ள நம் பிள்ளைகளுக்குக் குறும்படமும் வானொலி நிகழ்ச்சியும் தயாரிக்கக் கற்றுத்தரும் பயிற்சி, வரும் ஜூன் 14, ஞாயிறு மாலை 4 மணிக்குச் சமூகக் கூடத்தில் தொடங்குகிறது. கட்டணம் இல்லை.

நமக்கு அருகிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலி 2004ஆம் ஆண்டு முதல் 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகி வருகிறது. அதைப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒருமுறையேனும் கேட்டுவிட்டு வந்தால், சுற்றுவட்டார மக்களின் பேச்சே நிகழ்ச்சியாவது எப்படி என்று அவர்களுக்கு எளிதில் விளங்கும்.

1. பிள்ளையின் பெயரையும் வயதையும் ஜூன் 10க்குள் எனக்குத் தனிச்செய்தியாக அனுப்பவும்; குழுவில் பதிவிட வேண்டாம்.
2. கைப்பேசியே போதும். செலவிட விரும்புவோர் சட்டையில் பொருத்தும் சிறு மைக் வாங்கலாம். படம் சற்று மங்கினாலும் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வர், பேச்சு தெளிவில்லாவிட்டால் எழுந்துவிடுவர்.
3. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) என்பதால், அதற்கேற்பத் துடிக்கும் குழல்விளக்கின் கீழ் எடுக்கும் காட்சி சிமிட்டாமலிருக்க, கைப்பேசியில் நொடிக்கு 25 சட்டகங்கள் (25 fps) என்ற அமைப்பு உள்ளதா என்று பார்த்து வைக்கவும்.
4. காவலர், வீட்டுப் பணியாளர், கடைக்காரர் என யாரைப் படமெடுத்தாலும் முன்கூட்டியே சம்மதம் பெற வேண்டும். 18 வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோரின் எழுத்துவழி ஒப்புதல் கட்டாயம். இதில் தளர்வு கிடையாது.
5. கதையைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். நாம் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

படத்தொகுப்போ ஒலிப்பதிவோ அறிந்த பெற்றோர் ஓரிரு மணி நேரம் ஒதுக்க இயலுமா என்பதையும் அதே செய்தியில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஒருங்கிணைப்பாளர்