பிளீச் போத்தலில் தமிழில் ஓர் எச்சரிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலசலகூடம் கழுவும் அமிலத் திரவத்தையும் துணி வெளுக்கும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றித் தேய்த்தால் கறை விரைவாகப் போய்விடும் என்று கொழும்பில் பலர் நம்புகின்றனர். அண்மையில் எங்கள் தொடர்மாடியில் துப்புரவு வேலைக்கு வரும் அம்மா ஒருவர் அவ்வாறே செய்து, கண்ணெரிச்சலும் விடாத இருமலுமாகக் குளியலறையிலிருந்து வெளியே ஓடி வந்தார். கதவு திறந்திருந்ததாலும் அவர் தாமதிக்காமல் வெளியேறியதாலும் பெரிய தீங்கு நேரவில்லை. அவர் பாவித்த இரண்டு போத்தல்களையும் பின்னர் எடுத்துப் பார்த்தேன். ஒன்றில் எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும், மிகச் சிறிய எழுத்தில் இருந்தது. மற்றது யாரோ குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தல், அதில் எந்தக் குறிப்பும் இல்லை. இது குறித்துச் சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கூற விரும்புகின்றேன்.

பிளீச் திரவத்தில் இருப்பது சோடியம் ஐப்போகுளோரைற்று. மலசலகூடத் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஐதரோகுளோரிக்கமிலம். தனித்தனியே, போத்தலில் கூறியபடி பாவித்தால் இரண்டும் தத்தம் வேலையைச் செய்யும். பிளீச் காரத்தன்மை உடையதாக இருக்கும் வரையில் அதிலுள்ள குளோரின் கரைசலுக்குள் அடங்கியிருக்கின்றது. அமிலம் சேர்ந்தவுடன் அந்த நிலை குலைந்து குளோரின் வாயுவாக வெளிவருகின்றது. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மன் படையினர் எதிரிகள் மீது ஏவியது இதே வாயுவைத்தான். அளவு வேறு, பொருள் ஒன்று. குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரமானது. ஆகையால் அது மேலெழுந்து கலையாமல் தரையோடு தங்குகின்றது. குந்தியிருந்து தரையைத் தேய்ப்பவரின் முகம் இருக்கும் உயரமும் அதுவே. கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் உள்ள ஈரத்தோடு அது சேர்ந்து அங்கேயே அமிலமாகின்றது. யன்னல் இல்லாத, காற்று வெளியேறச் சிறு துவாரம் மாத்திரமே உள்ள தொடர்மாடிக் குளியலறைகளில் இதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. அமிலம் என்றவுடன் கடையில் வாங்கும் திரவத்தை மட்டும் நினைக்கவும் கூடாது. வினாகிரியும் தேசிக்காய்ச் சாறும்கூட பிளீச்சிலிருந்து குளோரினை வெளியேற்றக் கூடியவை. அமோனியா கலந்த திரவங்களோடு பிளீச் சேர்ந்தால் குளோரமீன் எனப்படும் வேறொரு நச்சு வாயு தோன்றும்.

இத்தனைக்கும் குளோரின் நமக்குப் பகையான பொருளன்று. கொழும்பின் குழாய்நீரைக் கிருமிகளிலிருந்து காப்பதும் அதுதான். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்துப் புறநகர்ப் பகுதிகளை மூழ்கடித்தது போன்ற வேளைகளில், வெள்ளம் வடிந்த பின்னர் கிணறுகளை இறைத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் அறிவுரைப்படி பிளீச்சிங் பவுடர் இடுகின்றோம். அங்கேயும் நடப்பது இரசாயனத் தாக்கம்தான். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட, அது எதனோடு, எந்த அளவில், எவ்வளவு காற்றோட்டமுள்ள இடத்தில் சேர்கின்றது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

இரசாயனத் தாக்கத்தின் அடிப்படையும் இதுவே. தாக்கத்தில் ஈடுபடும் பொருள்களின் அணுக்கள் அழிவதில்லை, புதிதாகத் தோன்றுவதுமில்லை. அவற்றுக்கிடையே இருந்த பிணைப்புகள் உடைந்து வேறு பிணைப்புகள் உருவாகின்றன. பிரெஞ்சு விஞ்ஞானி லவோசியே 1774 ஆம் ஆண்டில் மூடி முத்திரையிட்ட பாத்திரத்தினுள் வெள்ளீயத்தைச் சூடாக்கி, தாக்கத்துக்கு முன்னும் பின்னும் மொத்த நிறை மாறவில்லை என்று நிறுத்துக் காட்டினார். கறை “போய்விட்டது” என்று நாம் சொல்லும்போதும் அது எங்கோ போயிருக்கிறது, அல்லது வேறொன்றாக மாறியிருக்கிறது. வாயுவாக மாறியிருந்தால் அதைச் சுவாசிப்பவர் தேய்ப்பவர்தான்.

நுரை பொங்குவதைக் கண்டு ஏமாறுவதும் இதைச் சேர்ந்ததே. சீமெந்துத் தரையிலோ தரையோடுகளின் இடைவெளியிலோ அமிலத்தை ஊற்றும்போது சீறி நுரைப்பதை அழுக்கு கரைவதற்கான அடையாளமாகப் பலரும் எடுத்துக்கொள்கின்றனர். உண்மையில், சீமெந்தில் உள்ள கல்சியம் காபனேற்றை அமிலம் கரைத்துக் காபனீரொட்சைட்டை வெளியேற்றுகின்றது. கழுவிச் செல்லப்படுவதில் அழுக்கோடு தரையும் அடக்கம். சில வருடங்களில் ஓடுகள் ஆடத் தொடங்கியதும் மேசன்மாரைக் குறை கூறுவோம். கைத்தொலைபேசியில் சுற்றிவரும் காணொளிகள் பரிந்துரைக்கும் அப்பச்சோடா, வினாகிரிக் கலவை ஆபத்தற்றதுதான். ஆனால் ஒன்று காரத்தன்மையுடையது, மற்றது அமிலம், ஆகையால் சரியான அளவில் கலந்தால் ஒன்றையொன்று நடுநிலையாக்கி, எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைந்த நீரே. பொங்கும் வேகத்தில் சிறிது அழுக்கு அசையலாம். அதற்கு மேல் அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. சோடாவை அப்ப மாவுக்கு வைத்துக்கொள்வது நல்லது என்பது என் அபிப்பிராயம். அங்கே அதே காபனீரொட்சைட்டு மாவைப் பொங்கச் செய்து நமக்கு வேலை செய்கின்றது. அளவு மிஞ்சினால் அப்பம் மஞ்சளித்துச் சவர்க்காரச் சுவை தட்டுவதும் தாக்கத்தின் கணக்குத்தான்: தேவைக்கு மேற்பட்ட சோடா சூட்டில் சோடியம் காபனேற்றாக மாறி எஞ்சிவிடுகின்றது.

அடைபட்ட குழாய்க்கு ஊற்றும் கோஸ்டிக் சோடாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நீரில் கரையும்போது பெருமளவு வெப்பத்தை வெளிவிடும். ஆகையால் நீரில் அதனைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றி, குவித்த சோடாவின் மேல் நீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரத்திலும் கரைக்கக் கூடாது, ஏனெனில் அலுமினியத்தோடு அது தாக்கமுற்று எளிதில் தீப்பற்றும் ஐதரசனை வெளிவிடுகின்றது.

குளியலறையைத் தாண்டிச் சமையலறைக்கு வந்தால், 2022 ஆம் ஆண்டின் எரிவாயுத் தட்டுப்பாடு நினைவுக்கு வருகின்றது. சிலிண்டருக்கு வரிசையில் நின்று களைத்தவர்கள் தொடர்மாடி வீடுகளுக்குள்ளேயே கரியும் விறகும் மூட்ட நேர்ந்தது. எரிதல் என்பது ஒட்சிசனோடு விரைவாக நடைபெறும் தாக்கம். ஒட்சிசன் போதிய அளவில் கிடைத்தால் காபனீரொட்சைட்டு உண்டாகும். மூடிய அறையில் அது குறையும்போது காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமோ மணமோ இல்லாத இந்த வாயு, குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட ஏறக்குறைய 200 மடங்கு வலுவாகப் பிணைந்துகொள்வதால், தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, உறங்குபவரை உறக்கத்திலேயே கொன்றுவிடக் கூடியது. மின்வெட்டின்போது வீட்டுக்குள் அல்லது மூடிய மாடத்தில் மின்பிறப்பாக்கியை இயக்குவதிலும் இதே ஆபத்து உண்டு. எரிவாயுக் கசிவு வேறு வகையானது. அதற்குக் கடுமையான மணம் வேண்டுமென்றே ஊட்டப்பட்டிருக்கின்றது. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது என்பதால் தரைமட்டத்தில் தேங்கும். காற்றில் அதன் பங்கு நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 9 வரை இருக்கும்போது ஒரு சிறு பொறி போதும். மணம் வந்தால் மின்விளக்கின் ஆளியைத் தொடாமல் கதவு யன்னல்களைத் திறக்க வேண்டும் என்று சொல்வது அதனால்தான். 2021 இன் இறுதியில் நாட்டின் பல பாகங்களிலும் அடுத்தடுத்து நிகழ்ந்த எரிவாயு வெடிப்புகளுக்குப் பின்னர் இந்த அறிவுரை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிளீச்சைப் பற்றி அவ்வாறு எவரும் பேசியதாக எனக்கு நினைவில்லை.

எங்கள் பிள்ளைகள் சாதாரண தரப் பரீட்சைக்காக மகனீசியம் நாடா எரிவதையும் நாகத்தோடு அமிலம் தாக்கமுறுவதையும் சமன்பாட்டோடு மனனம் செய்கின்றனர். அது தேவைதான். ஆயினும் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதும் மாணவி ஒருவர், தம் வீட்டுக் குளியலறைத் தட்டில் அருகருகே நிற்கும் இரண்டு போத்தல்களும் அதே பாடத்தின் தாக்கிகள் என்று அறியாமல் இருப்பதைப் பல வருடங்களாக வகுப்பறையில் கண்டிருக்கின்றேன். ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குவதற்குப் புதிய பாடத்திட்டம் எதுவும் தேவையில்லை.

பெரியவர்களின் நிலை வேறு. கொழும்பு வீடுகளில் உண்மையில் இத்திரவங்களைக் கையாள்பவர்களில் பலர், தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த, மலையகத்திலிருந்தும் ஏனைய மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்த பெண்கள். திரவத்தை வாங்குபவர் ஒருவர், பாவிப்பவர் மற்றொருவர். வாங்குபவருக்கு ஆங்கிலம் விளங்குவதால் பாவிப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. எனவே, பிளீச், அமிலம், கோஸ்டிக் சோடா ஆகியவற்றை விற்பவர்கள், எதனோடு எதைக் கலக்கக் கூடாது என்பதைச் சிங்களத்திலும் தமிழிலும் போத்தலின் முன்பக்கத்தில், பொருளின் பெயருக்கு இணையான பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்று பாவனையாளர் அலுவல்கள் தொடர்பான அதிகாரிகள் பணிக்க வேண்டும். முச்சக்கர வண்டிகளிலும் சிறு கடைகளிலும் குடிநீர்ப் போத்தல்களில் நிரப்பி, பெயரின்றி விற்கப்படும் திரவங்களைத் தடை செய்ய வேண்டும். அவை குழந்தைகளின் கைக்கு எட்டினால் நேரக்கூடிய தீங்கு தனிக்கதை. வீட்டு எசமானர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. இரண்டு போத்தல்களையும் வெவ்வேறு தட்டுகளில் வைத்து, பாவிப்பவரிடம் வாயால் ஒருமுறை எடுத்துச் சொல்வதற்கு ஐந்து நிமிடம் போதும்.

எவரேனும் தவறிக் கலந்துவிட்டால், வாளியைத் தூக்கிக் கொட்ட முயலாமல் உடனே வெளியேறிக் கதவு யன்னல்களைத் திறந்துவிட வேண்டும். கண்ணை ஓடும் நீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். மூச்சுத் திணறல் இருந்தால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழைக்க வேண்டும். வைத்தியசாலைக்குச் செல்லும்போது அந்த இரண்டு போத்தல்களையும் மூடியிட்டு உடன் எடுத்துச் சென்றால், எது எதனோடு கலந்தது என்பதை வைத்தியர்கள் உடனே அறிந்துகொள்வர்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
வெள்ளவத்தை, கொழும்பு 06.