சிறையின் சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். இங்கிலாந்தில் சிறைகளை ஒப்பந்தத்தில் எடுத்து நடத்தும் நிறுவனம் ஒன்று உனக்கு வேலை தர முன்வந்திருப்பதாகவும், பெண்கள் சிறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவள் என்ற முறையில் என் கருத்தை அறிய விரும்புவதாகவும் எழுதியிருந்தாய். தொலைபேசியில் அரைகுறையாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

அரசு நடத்தினால் மட்டும் சிறை ஒழுங்காக இருந்துவிடுகிறதா என்று நீ கேட்பது நியாயமே. 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவல் நிலையத்தில் அடித்து நொறுக்கப்பட்டு, கோவில்பட்டி கிளைச் சிறையில் அடைக்கப்பட்டு, அடுத்தடுத்து உயிரிழந்தபோது, அவர்கள் கடந்து வந்த அத்தனை கைகளும் அரசுச் சம்பளம் வாங்கிய கைகள்தான். நீ இருக்கும் நாட்டிலும், 2018 ஜனவரியில் சிறைகளின் தலைமை ஆய்வாளரின் அவசர எச்சரிக்கையை முதலில் பெற்ற நாட்டிங்காம் சிறை அரசு நடத்தியதே. லிவர்பூலின் ஆல்ட்கோர்ஸ் சிறையோ தனியார் கையில் இருந்தும் ஆய்வுகளில் நல்ல பெயர் எடுத்தது. ஆகவே அரசுச் சிறை நல்லது, தனியார் சிறை கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் பர்மிங்காமில் நடந்ததை நீ முழுதாகப் படிக்க வேண்டும். அரசு நடத்திவந்த அந்தப் பழைய சிறை 2011 அக்டோபரில் 15 ஆண்டு ஒப்பந்தத்தில் ஜி4எஸ் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அந்நாட்டில் அரசுச் சிறையொன்று தனியாருக்குக் கைமாறியது அதுவே முதல் முறை. 2016 டிசம்பரில் கைதிகள் சிறைக் கட்டடத்தின் பல தொகுதிகளைக் கைப்பற்றினார்கள். மீட்க 12 மணி நேரத்துக்கு மேலானது. 2018 ஆகஸ்டில் தலைமை ஆய்வாளர் பீட்டர் கிளார்க்கின் குழு உள்ளே சென்றபோது, துடைக்கப்படாத இரத்தமும் வாந்தியும், எலிப்புழுக்கையும், தாராளமாகப் புழங்கிய போதைப்பொருளும், அலுவலக அறைக்குள் தங்களையே பூட்டிக்கொண்ட ஊழியர்களும் கண்ணில் பட்டன. அரசு சிறையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, 300 கைதிகளை வேறிடங்களுக்கு மாற்றி, கூடுதலாக 30 அலுவலர்களை அனுப்பியது. 2019இல் ஒப்பந்தமே முடிவுக்கு வந்தது. நிறுவனம் 99 லட்சம் பவுண்டு கொடுத்து விலகிக்கொண்டது.

அறைக்குள் பூட்டிக்கொண்ட அந்த ஊழியர்களை நினைத்தால்தான் எனக்கு மனம் பதறுகிறது. சிறையில் பெருஞ்செலவு ஆட்களின் சம்பளம். லாபம் காட்ட வேண்டியவர் முதலில் கை வைக்கக்கூடிய இடமும் அதுவே. ஆள் குறைந்தாலும் பூட்டுவதும் எண்ணுவதும் எப்படியோ நடந்துவிடும். ஆனால் மதியம் சோற்றைத் தொடாமல் வைத்தவள் யார், வாய்தாவுக்குப் போய்வந்த பிறகு யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவள் யார் என்று கவனிக்க ஒருத்திக்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை எந்த ஒப்பந்தத்திலும் எழுதி வாங்க முடியாது. கொட்டடிக்குள் உயிர்களைக் காப்பது பெரும்பாலும் அதுதான் என்பதை என் பணிக்காலம் முழுவதும் பார்த்திருக்கிறேன். அரசும் ஆட்களைக் குறைக்கிறது, அதையும் நான் எதிர்த்தே வந்திருக்கிறேன். எனினும் அரசு குறைத்தால் மிஞ்சும் பணம் யாருடைய பங்கு லாபமாகவும் ஆவதில்லை. சட்டமன்றத்தில் கேட்கலாம், நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். சாத்தான்குளம் வழக்கை மதுரை உயர்நீதிமன்றக் கிளை தானாகவே முன்வந்து எடுத்ததை நீயும் அறிவாய்.

மருத்துவமனை சரியில்லை என்றால் நோயாளி வேறிடம் போவார். கைதி போக முடியாது. பணம் கட்டும் வாடிக்கையாளரும் அவர் அல்லர். போட்டி வந்தால் தரம் உயரும் என்று நீ எழுதியிருக்கும் வாதம் இங்கே பொருந்தாமல் போவது இதனால்தான்.

இன்னும் ஒன்று. இங்கிலாந்தின் 1991 சட்டம் தனியார் சிறைகளை அனுமதித்தபோதுகூட, கைதியின் ஒழுங்குமீறலை விசாரித்துத் தண்டிக்கும் அதிகாரத்தை அரசு அலுவலரிடமே வைத்திருந்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதையும் நிறுவனத்தின் சிறை இயக்குநருக்குக் கொடுத்துவிட்டது. இஸ்ரேல் உச்சநீதிமன்றம் 2009 நவம்பரில் இதற்கு நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. அந்நாட்டின் பீர்செபா நகர் அருகே தனியார் சிறை கட்டப்பட்டு, திறக்கப்படும் தறுவாயில் இருந்தது. ஒருவரை அடைத்துவைத்து அவர்மீது பலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை லாபம் தேடும் அமைப்பிடம் ஒப்படைப்பதே மனித கண்ணியத்தையும் சுதந்திரத்தையும் மீறுவதாகும் என்று கூறி, ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் தனியார் சிறைக்கு வழிவிட்ட அந்நாட்டுச் சட்டத்தை ரத்து செய்தார்கள். அங்கே ஒரு கைதிகூடத் துன்புறும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. என் கருத்தும் அதுவே. மக்களின் பெயரால் ஒருவரை அடைத்தால், அவரைக் காக்கும் பொறுப்பையும் மக்களின் அரசே சுமக்க வேண்டும். சமையலையும் துணி வெளுப்பதையும் வேண்டுமானால் வெளியே கொடுக்கட்டும்.

வேலையை ஏற்பது உன் முடிவு. ஏற்கும் முன், இரவுப் பணியில் ஒரு தொகுதிக்கு எத்தனை காவலர்கள் இருக்கிறார்கள் என்றும், கைதி எழுதும் புகார் நிறுவனத்துக்கு வெளியே யாரிடம், எத்தனை நாளில் போய்ச் சேருகிறது என்றும் அவர்களிடம் கேள். வணிக ரகசியம் என்று பதில் வந்தால், அந்த வேலை உனக்கு வேண்டாம், கண்ணே.

அன்புடன்,
அம்மா