வார்டு சிஸ்டருக்கே அந்த அனுமதியைக் கொடுக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவில் பதினேழு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஊழியர்களின் கணினிக் கணக்குகளைத் திறப்பதும் நிறுத்துவதும் எங்கள் பிரிவின் வேலை. அது எப்படி நடக்கிறது என்பது வெளியில் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் அதன் பாதிப்பு நோயாளியின் படுக்கை வரை போகிறது. அதைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம்.

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை இரவு. மிக்ஜாம் புயல் மழையில் மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். காலையிலேயே கரண்ட் போய்விட்டது. போனில் 11 சதவீதம் சார்ஜ் இருந்தது. பத்து மணி வாக்கில் மூன்றாவது மாடி வார்டிலிருந்து ஒரு செவிலியர் கூப்பிட்டார். அடுத்த ஷிஃப்டுக்கு வரவேண்டியவர் வரமுடியாததால் இவரே தொடர்ந்து இரண்டாவது ஷிஃப்டும் பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பில் பாஸ்வேர்டை ஐந்து முறை தப்பாக அடித்திருக்கிறார்.

“சார், என் லாகின் லாக் ஆயிடுச்சு. ஆறு பேஷண்டுக்குப் பத்து மணி மருந்து கொடுக்கணும். ஆர்டர் எல்லாம் ஸ்கிரீன்லதான் இருக்கு. பக்கத்து வார்டு லாகின்ல போட்டுடட்டுமா?”

வேண்டாம் என்றேன். அப்படிப் போட்டால் யார் மருந்து கொடுத்தது என்பது வேறொருவர் பெயரில் பதிவாகும். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் இரண்டு பேருமே மாட்டிக்கொள்வார்கள்.

பூட்டிய கணக்கைத் திறக்க எங்களில் இரண்டு பேருக்குத்தான் அதிகாரம். ஒருவன் நான், வீட்டில் இணையம் இல்லை. இன்னொருவர் பெரும்பாக்கத்தில், அவர் போன் கிடைக்கவே இல்லை. கடைசியில் பில்லிங் கவுண்டரில் இருந்த ஒரு பையனை அழைத்து, எல்லாக் கணக்குகளையும் கட்டுப்படுத்தும் அட்மின் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அவன் ஒரு ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டான். நான்கு நிமிடத்தில் வேலை முடிந்தது. மருந்தும் போய்ச் சேர்ந்தது.

மறுநாளே அந்தப் பாஸ்வேர்டை மாற்றியிருக்க வேண்டும். தண்ணீர் வடியவே மூன்று நாள் ஆனது. அப்புறம் பழுதான மோட்டார், நனைந்த சாமான்கள் என்று நான் மறந்தே போனேன். அந்தச் சீட்டு பில்லிங் கவுண்டர் கீபோர்டுக்கு அடியில் ஏழு வாரம் இருந்திருக்கிறது. யாருக்காவது லாகின் பூட்டிக்கொண்டால் அந்தப் பையனிடம் போவது வழக்கமாகிவிட்டது. ஜனவரி கடைசியில் எச்.ஆர். பிரிவிலிருந்து, வேலையை விட்டுப்போன லேப் ஊழியர் ஒருவரின் கணக்கை நிறுத்தச் சொல்லி அவனிடமே கேட்டிருக்கிறார்கள். அவன் ஒருவரைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதிலாகப் பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்துவிட்டான். 61 கணக்குகள் நின்றன. அதில் ஒன்று மனிதருடையது அல்ல. ரத்தப் பரிசோதனை இயந்திரங்களின் முடிவுகளை ரிப்போர்ட் மென்பொருளுக்கு அனுப்பும் சர்வீஸ் கணக்கு. இரண்டு மணி நேரம் லேப் ஊழியர்கள் முடிவுகளைக் கையால் எழுதி, மாடி ஏறி இறங்கி ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

அந்தப் பையன் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உதவி கேட்டார்கள், செய்தான். ஒரு கணக்கைத் திறக்கவேண்டிய இடத்தில் மொத்த மருத்துவமனையின் அதிகாரத்தையும் தூக்கிக் கொடுத்தது நான். அந்த இரவில் எனக்கு வேறு வழி இல்லாமல் போனதற்குக் காரணம், வேறு வழி ஒன்றை அதுவரை நாங்கள் ஏற்படுத்தி வைக்கவில்லை என்பதுதான்.

வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பல கணினிகள் உள்ள அலுவலகங்களில் யார் வேலையில் இருக்கிறார், எந்தப் பிரிவு, எதையெல்லாம் திறக்கலாம் என்பதை ஒரே இடத்தில் வைத்திருக்கும் பதிவேடு ஒன்று இருக்கும். பெரும்பாலான இடங்களில் அது மைக்ரோசாஃப்ட்டின் ஆக்டிவ் டைரக்டரி. விண்டோஸ் 2000 சர்வரோடு 2000-ஆம் ஆண்டு வந்தது. அதில் ‘டொமைன் அட்மின்ஸ்’ என்ற குழுவில் இருப்பவர் நினைத்தால் யாரையும் சேர்க்கலாம், நீக்கலாம், எந்தக் கோப்புக்கும் வழி செய்துகொள்ளலாம். தலைமை மருத்துவரின் கணக்கும் அவர் கைக்குள்தான்.

ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் இன்னொருவருக்குப் பிரித்துக் கொடுக்கும் வசதி இதே மென்பொருளில் முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஊழியர்களைப் பிரிவு வாரியாக அடுக்கி வைத்து, ‘இந்தப் பிரிவில் இருப்பவர்களுக்குப் பாஸ்வேர்டு மாற்ற மட்டும் இவருக்கு அனுமதி’ என்று கொடுத்துவிடலாம். அப்படிக் கொடுத்தாலும் அது டொமைன் அட்மின் போன்ற கணினி நிர்வாகிகளின் கணக்குகள் மீது செல்லாது. அந்தக் கணக்குகளின் அனுமதிகளை ஆக்டிவ் டைரக்டரி 60 நிமிடத்துக்கு ஒருமுறை தானே சரிபார்த்துப் பழையபடி ஆக்கிவிடும். இத்தனை பாதுகாப்போடு இருக்கும் ஒரு வசதியை, நான் பார்த்த பல அலுவலகங்களில் யாரும் தொட்டதே இல்லை.

ஆனால் வார்டு சிஸ்டரிடம் போய் ஆக்டிவ் டைரக்டரி திரையைத் திறந்து காட்ட முடியாது. அவருக்கு அது தேவையும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பட்டன். அந்தப் பட்டனை அழுத்தினால் பின்னால் நடக்கவேண்டியதெல்லாம் தானாக நடக்கவேண்டும். அதற்கென்றே டைரக்டரி மேலாண்மை மென்பொருள்கள் இருக்கின்றன. உலகம் முழுக்க விற்பனையாகும் ஏ.டி.மேனேஜர் பிளஸ் நம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் தயாரிப்புதான். பணம் செலவழிக்க முடியாத இடங்களிலும், விவரம் தெரிந்த ஒருவர் இருந்தால், விண்டோஸ் சர்வரோடு வரும் பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியை வைத்தே, குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் ஓட்ட அனுமதிக்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்ளலாம்.

ஜனவரியில் நடந்த அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எங்கள் மருத்துவமனையில் இப்படிச் செய்தோம். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் தன் லாகினில் ஒரு பக்கத்தைத் திறந்தால், அவருடைய வார்டில் இருக்கும் 22 பேரின் பெயர்கள் மட்டும் தெரியும். பெயருக்கு நேரே ‘கணக்கைத் திற’, ‘புது பாஸ்வேர்டு’ என்று இரண்டே பட்டன்கள். புது பாஸ்வேர்டு அந்த ஊழியரின் போனுக்கு எஸ்.எம்.எஸ்.ஸில் போகும்; சிஸ்டர் கண்ணில் படாது. முதல் முறை உள்ளே நுழையும்போதே ஊழியர் அதை மாற்றியாக வேண்டும். இரவில் எல்லா வார்டுக்கும் நைட் சூப்பர்வைசருக்கு அந்த அனுமதி உண்டு.

எச்.ஆர். பிரிவுக்கு வேறு. ஜாயினிங் படிவத்தில் பெயர், ஊழியர் எண், பிரிவு, சேரும் தேதி ஆகியவற்றை நிரப்பி அனுப்பினால், அந்தப் பிரிவின் தலைவருக்குப் போகும். அவர் ஒப்புக்கொண்டதும் கணக்கு, மின்னஞ்சல், பிரிவுக்கு உரிய அனுமதிகள் எல்லாம் தானாக உருவாகும். ரிலீவிங் தேதி போட்டால் அன்று மாலை ஆறு மணிக்குக் கணக்கு நின்றுவிடும். முன்பு இதற்கு எச்.ஆர். எங்களுக்கு மெயில் போட வேண்டும், நாங்கள் பார்க்க வேண்டும். இந்த வேலையைத் தொடங்கியபோது நான் பட்டியலைச் சலித்துப் பார்த்ததில், வேலையை விட்டுப் போன 43 பேரின் கணக்குகள் உயிரோடு இருந்தன. அதில் ஒருவர் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

இதில் கவனமாக இருக்கவேண்டிய இடங்களும் உண்டு. செய்யப்போகிறவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். சிஸ்டர் பட்டனை அழுத்தும்போது உண்மையில் கணக்கைத் திறப்பது சிஸ்டர் அல்ல, பின்னணியில் இயங்கும் ஒரு சர்வீஸ் கணக்கு. அந்தக் கணக்குக்குச் சோம்பல்பட்டு டொமைன் அட்மின் அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் பட்டனுக்குப் பின்னால் ஓடும் கட்டளைத் தொடரை யாரெல்லாம் திருத்த முடியுமோ அவர்கள் எல்லாருமே டொமைன் அட்மின் ஆகிவிடுகிறார்கள். ‘கணக்கைத் திற’ என்ற கட்டளைக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தால் போதும், அதுவும் அதே அதிகாரத்தில் ஓடிவிடும். அதனால் ஓட்டும் அனுமதி வேறு, திருத்தும் அனுமதி வேறு. முதலாவதை எத்தனை சிஸ்டர்களுக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். இரண்டாவது இரண்டு மூன்று பேருக்கு மேல் போகக்கூடாது. சர்வீஸ் கணக்குக்கும் அந்த இரண்டு பட்டனுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் கொடுக்கவேண்டும். எங்களிடம் முதலில் இதைத் தவறாகத்தான் செய்து வைத்திருந்தோம். மூன்றாவது வாரம் ஒரு இளைய சகாவின் கண்ணில் பட்டுச் சரிசெய்தோம். அந்தப் பெண்ணுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

பதிவுகள் விஷயமும் இதே மாதிரிதான். ஆக்டிவ் டைரக்டரியின் பதிவில் பார்த்தால், எல்லாக் கணக்குகளையும் அந்தச் சர்வீஸ் கணக்கே திறந்ததாக இருக்கும். எந்த சிஸ்டர் அழுத்தினார் என்பது மேலாண்மை மென்பொருளின் பதிவில்தான் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைக்காவிட்டால் யார் செய்தது என்று கேட்கும்போது பதில் இருக்காது. கணினிப் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்கவேண்டும், சைபர் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தங்களிடம் சொல்லவேண்டும் என்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் உத்தரவு போட்டிருக்கிறது. எங்கள் பழைய ஏற்பாட்டில் 180 நாள் பதிவையும் புரட்டினாலும் ‘அட்மின்’ என்ற ஒரே பெயர்தான் கிடைத்திருக்கும்.

இன்னொன்று, அனுமதியை ஆளின் பெயருக்குக் கொடுக்காமல் பொறுப்புக்குக் கொடுங்கள். சிஸ்டர் வேறு வார்டுக்கு மாறினால் அனுமதியும் தானே மாறிவிடும்.

இந்த ஏற்பாட்டைப் பற்றி நிர்வாகக் கூட்டத்தில் பேசியபோது, “சிஸ்டர்களுக்குக் கம்ப்யூட்டர் அதிகாரம் கொடுப்பது ஆபத்து இல்லையா?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி என்னை மிகவும் வருத்தியது. மார்ஃபின் ஊசி இருக்கும் அலமாரியின் சாவி அதே இன்சார்ஜ் சிஸ்டரிடம்தான் இருக்கிறது. எடுத்த ஒவ்வொரு ஆம்பியூலுக்கும் நேரம் போட்டு, நோயாளி பெயர் எழுதி, இன்னொருவரிடம் கையெழுத்து வாங்கி, ஷிஃப்ட் மாறும்போது எண்ணி ஒப்படைக்கிறார். பொறுப்போடு ஒரு அதிகாரத்தைக் கையாள்வது எப்படி என்று எங்கள் கணினிப் பிரிவுக்கே அவர் பாடம் எடுக்கலாம். அலமாரிச் சாவியைத்தான் அவரிடம் கொடுக்கிறோம். மருந்துக் கிடங்கின் சாவியைக் கொடுப்பதில்லை. கணினியிலும் அந்த அளவைத்தான் நான் கேட்கிறேன்.

என் துறை நண்பர்களுக்கு வேறு பயம். இந்த வேலையையெல்லாம் கொடுத்துவிட்டால் நம்மை எதற்கு வைத்திருப்பார்கள் என்கிறார்கள். எங்களுக்கு வந்துகொண்டிருந்த டிக்கெட்டுகளில், அதாவது உதவி கேட்டுப் பதிவாகும் கோரிக்கைகளில், பாதிக்கு மேல் பாஸ்வேர்டும் லாக்கும்தான். அது குறைந்த பிறகுதான், இரண்டு ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த பேக்கப் (தகவல்களின் மாற்று நகல்) சோதனையைச் செய்து பார்த்தோம்.

கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளில் இருக்கும் சிறு நிறுவனங்களுக்கும், கல்லூரி அலுவலகங்களுக்கும், என்னைப் போலவே ஒன்றிரண்டு கணினி ஆட்களை நம்பி ஓடும் மருத்துவமனைகளுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் அட்மின் பாஸ்வேர்டு இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர்கள் அதை எந்த வேலைக்காக வாங்கினார்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பதில்தான் எந்தெந்தப் பட்டன்களை முதலில் செய்யவேண்டும் என்ற பட்டியல். எங்களுக்கு அது ஒன்பது வரியில் முடிந்துவிட்டது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் மழை. அன்றும் என்னால் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. மறுநாள் காலை பதிவைத் திறந்து பார்த்தேன். இரவு மட்டும் ஏழு கணக்குகள் பூட்டிக்கொண்டிருந்தன. ஏழையும் நைட் சூப்பர்வைசர் சிஸ்டர் திறந்திருந்தார். கடைசியாகத் திறந்தது 2.14-க்கு, பிரசவ வார்டில். என் போன் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

என் பெயரைத் தவிர்த்து இக்கடிதத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மருத்துவமனைக் கணினிப் பிரிவு ஊழியர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை – 91.